தினக்கூலிக் காவலாளும் திண்டுக்கல் பூட்டும்

கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் பக்கம் முகப்பு ஒரு தெருவிலும் பின்கட்டு அடுத்த தெருவிலுமாக நீண்டு கிடக்கும் வீடுகளில் பல, ஆண்டு முழுக்கப் பூட்டியேதான் இருக்கும். உரியவர்கள் சென்னையிலோ கடல் கடந்தோ இருப்பார்கள். கல்யாணம், படைப்பு என்றால்தான் கதவு திறக்கும். அதுவரை வீட்டைக் காப்பவை இரண்டு: கதவில் தொங்கும் திண்டுக்கல் பூட்டு, திண்ணையில் படுத்துக்கிடக்கும் காவலாள். பூட்டுக்குச் சம்பளம் வேண்டாம். போட்டது போட்டபடி வருடக்கணக்கில் தொங்கும். ஆளுக்கு அன்றன்றைக்குக் கூலி போய்ச் சேர வேண்டும். பணம் வருவது நின்றால் நாலாம் நாள் திண்ணை காலி. வீட்டை என்ன செய்வது என்று யாரும் இன்னும் முடிவெடுத்திருக்க மாட்டார்கள். ஆனால் காவல் போய்விட்டது.

செல்லுக்கு ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் வாசலிலும், செல் சாகாமல் பார்த்துக்கொள்ள, இந்த இரண்டு வகைக் காவலும் உண்டு. பிசிஎல்-2 என்ற புரதம் பூட்டு வகை. ஒருமுறை செய்துவிட்டால் பாதி அளவு சிதையப் பல மணி நேரம் ஆகும்; சில செல்களில் ஏறக்குறைய ஒரு நாள். எம்சிஎல்-1 கூலியாள் வகை. அதன் அரை ஆயுள் பெரும்பாலும் அரை மணியிலிருந்து இரண்டு மூன்று மணி வரைதான். அதைச் செய்யும் குறிப்பைச் சுமக்கும் செய்தி ஆர்என்ஏவும் அதே போலக் குறுகிய ஆயுள்காரன். ஆக, செல் ஒவ்வொரு மணி நேரமும் புதிதாகச் செய்துகொண்டே இருந்தால்தான் எம்சிஎல்-1 வாசலில் நிற்கும்.

பாடப்புத்தகங்களில் இந்தக் குடும்பத்துப் புரதங்களை இரண்டு பத்தியாகப் பிரித்துப் போட்டிருப்பார்கள்: சாவைத் தடுப்பவை ஒரு பக்கம், சாவைத் தூண்டுபவை மறுபக்கம். மூன்றாவதாக ஒரு பத்தி போட்டு ஒவ்வொன்றின் அரை ஆயுளையும் எழுதியிருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்திருக்கும். யார் இருக்கிறார் என்பதைவிட யார் எவ்வளவு வேகமாகப் போகிறார் என்பதுதான் இங்கே பெரும்பாலும் கணக்கு. எலிகளில் செய்த சோதனையும் அதைத்தான் காட்டுகிறது. பிசிஎல்-2 ஜீனை அகற்றினால் குட்டி பிறக்கும். பிறகு சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள், முடி நரைத்தல், வெள்ளணு இழப்பு என்று படுத்தும். எம்சிஎல்-1 ஜீனை அகற்றினால் கரு கருப்பையில் ஒட்டும் கட்டத்தைக்கூடத் தாண்டுவதில்லை.

வாசல் என்று சொன்னேனே, அது என்ன என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திட்டமிட்ட செல் மரணத்துக்கு அபாப்டோசிஸ் என்று 1972-இல் கெர், வைலி, கர்ரி மூவரும் பெயர் வைத்தார்கள். இலை உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல். மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வில் பாக்ஸ், பாக் என்ற இரண்டு புரதங்கள் ஒன்றுகூடித் துளை போடும். துளை விழுந்தால் உள்ளே மின்னணு கடத்தும் வேலையில் இருந்த சைட்டோகுரோம் சி வெளியே வழியும். அது அபாஃப்-1 என்ற புரதத்தோடு சேர்ந்து ஏழு கை கொண்ட ஒரு சக்கரத்தை அமைக்கும்; அந்தச் சக்கரத்தில் கேஸ்பேஸ்-9 என்ற புரதம் வெட்டும் நொதி விழித்துக்கொள்ளும்; அது கேஸ்பேஸ்-3, 7 இரண்டையும் வெட்டி எழுப்பும். அதன்பின் செல் உள்ளுக்குள்ளேயே துண்டுதுண்டாகப் பிரிக்கப்படும். சைட்டோகுரோம் சி-க்கு இப்படியொரு இரண்டாம் வேலை இருக்கிறது என்பது சியாவ்டாங் வாங் குழு 1996-இல் காட்டியது. அதுவரை அது சுவாசச் சங்கிலியின் ஓர் உறுப்பு மட்டுமே. பாக்ஸும் பாக்கும் துளை போடாதபடி பிடித்து வைத்திருப்பவைதான் எம்சிஎல்-1, பிசிஎல்-2, பிசிஎல்-எக்ஸ்எல் ஆகிய காவல்கள். அந்தக் காவல்களின் கைப்பிடியை, அதாவது அவை பிறரைப் பிடிக்கும் பள்ளத்தை, நிரப்பிச் செயலிழக்கச் செய்பவை பிம், பூமா, நாக்ஸா, பிட் போன்ற சிறிய புரதங்கள்.

இனி, பிரித்துப் போடும் தொழில். ஒரு புரதத்தை அகற்ற வேண்டுமென்றால் செல் முதலில் அதன் மேல் யுபிக்விடின் என்ற 76 அமினோ அமிலம் கொண்ட சின்னப் புரதத்தை ஒட்டுகிறது. ஒட்டுவதற்கு மூன்று கை மாற வேண்டும். இ1 நொதி ஏடிபியைச் செலவழித்து யுபிக்விடினைத் தயார் செய்யும். இ2 அதை வாங்கிக்கொள்ளும். எந்தப் புரதத்தின் மேல் ஒட்டுவது என்று ஆள் அடையாளம் காட்டுவது இ3. மனிதச் செல்லில் இ1 இரண்டுதான். இ2 ஏறக்குறைய நாற்பது. இ3 அறுநூறுக்கும் மேல். அடையாளம் காட்டுவதில்தான் இவ்வளவு ஆட்பலம். முதல் யுபிக்விடினின் 48-ஆம் இடத்தில் உள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தின் மேல் அடுத்தது, அதன் மேல் அடுத்தது என்று சங்கிலி நீண்டால் புரோட்டியாசோம் என்ற நறுக்கும் இயந்திரம் அதைப் பிடித்து, மடிப்பை அவிழ்த்து, உருளை வடிவ அறைக்குள் இழுத்துச் சிறு துண்டுகளாக நறுக்கும். 63-ஆம் இடத்து லைசின் வழியாக நீளும் சங்கிலிக்குப் பெரும்பாலும் வேறு அர்த்தம். ஒட்டிய யுபிக்விடின் வீணாவதில்லை, கழற்றித் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். புரதத் துண்டுகளும் அமினோ அமிலமாகி அடுத்த புரதத்துக்குப் போகும். பிரித்த வீட்டின் தேக்குத் தூணும் நிலையும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைக்கு வந்து வேறொரு வீட்டுக்குப் போய் நிற்பதில்லையா, அது மாதிரி. இந்த வழியைக் கண்டதற்காக சிச்சனோவர், ஹெர்ஷ்கோ, ரோஸ் மூவருக்கும் 2004-இல் வேதியியல் நோபல்.

எம்சிஎல்-1-ஐ அடையாளம் காட்டும் இ3 ஒன்றல்ல. முதலில் பிடிபட்டது 2005-இல் தெரியவந்த மியூல். நாலாயிரத்து முன்னூறுக்கும் மேல் அமினோ அமிலம் கொண்ட பிரம்மாண்டமான நொதி. வேடிக்கை என்னவென்றால் பிம், நாக்ஸா போன்றவர்களிடம் இருக்கும் அதே பிஹெச்3 பகுதி மியூலுக்கும் உண்டு. எம்சிஎல்-1-இன் கைப்பிடிக்குள் அந்தப் பகுதியை நுழைத்துத்தான் அது நெருங்குகிறது. நெருங்கி ஐந்து லைசின்களில் யுபிக்விடினை ஒட்டுகிறது. கைப்பிடிக்குள் பிம் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தால் மியூலுக்கு இடமில்லை, எம்சிஎல்-1 நெடுநேரம் நிற்கும். நாக்ஸா உட்கார்ந்தால் கதை தலைகீழ்: எம்சிஎல்-1 வேகமாக அழியும். ஒரே கைப்பிடி, ஒரே மாதிரியான விருந்தாளிகள், ஆனால் முடிவு எதிரெதிர். வெளிச்சவ்விலேயே குடியிருக்கும் மார்ச்5 என்ற இ3-க்கு நாக்ஸா சொல்லும் இந்தச் சேதியில் பங்கு உண்டு.

இரண்டாவது வழி வளர்ச்சிச் சேதியோடு சேர்ந்தது. வளர்ச்சிக் காரணிகள் வந்துகொண்டிருக்கும்வரை ஏகேடி நொதி, ஜிஎஸ்கே3 என்ற இன்னொரு நொதியை அடக்கி வைத்திருக்கும். காரணி நின்றால் ஜிஎஸ்கே3 விடுதலையாகி எம்சிஎல்-1-இன் 159-ஆம் இடத்தில் உள்ள செரின் என்ற அமினோ அமிலத்தில் பாஸ்பேட்டை ஏற்றும். பாஸ்பேட் ஏறியதைக் கண்டு பீட்டா-டிஆர்சிபி, எஃப்பிடபிள்யூ7 போன்ற இ3 குழுக்கள் வந்துவிடும். கூலி நின்றால் திண்ணை காலி என்பதன் மூலக்கூறு வடிவம் இதுதான். எஃப்பிடபிள்யூ7 பல புற்றுகளில் பழுதடைந்திருக்கும். அப்போது எம்சிஎல்-1 போக வேண்டிய நேரத்தில் போகாமல் தங்கிவிடும். பாக்ளிடாக்செல், வின்கிரிஸ்டின் போல நுண்குழல்களைத் தாக்கும் மருந்துகளுக்கு அந்தச் செல்கள் மசிவதில்லை என்று 2011-இல் காட்டினார்கள். எதிர்த்திசையில் வேலை செய்பவரும் உண்டு. யுஎஸ்பி9எக்ஸ் என்ற நொதி ஒட்டிய யுபிக்விடினைக் கழற்றி எம்சிஎல்-1-ஐக் காப்பாற்றும். சில ரத்தப் புற்றுகளில் இது அளவுக்கு மீறி இருப்பது 2010-இல் தெரிந்தது.

இவ்வளவு வீண்செலவு எதற்கு, செய்வதும் உடைப்பதுமாக? வைரஸ் ஒன்று செல்லுக்குள் நுழைந்து செல்லின் சொந்தப் புரத உற்பத்தியை நிறுத்துகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிசிஎல்-2 மட்டும் காவலாக இருந்திருந்தால் ஒரு நாள் முழுக்கச் செல்லுக்கு எதுவுமே தெரியாது. வைரஸ் அதற்குள் காரியத்தை முடித்துவிடும். கூலியாள் இருப்பதால் ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில் வாசல் தளர்கிறது. அடினோவைரஸ் இதைத் தெரிந்து வைத்திருப்பதுபோல பிசிஎல்-2-ஐ ஒத்த இ1பி 19கே என்ற சொந்தக் காவலை உடன் கொண்டுவருகிறது. உற்பத்தி நின்றாலும் சாவு வராமல் பார்த்துக்கொள்ள.

இதுவரை படித்துவிட்டு, புரோட்டியாசோம் என்றால் காவலை அகற்றிச் செல்லைக் கொல்லும் கருவி என்று முடிவு கட்டினால் தவறு. கொலையாளிகளையும் அதுதான் அன்றாடம் அப்புறப்படுத்துகிறது. பிம்-இன் நீண்ட வடிவத்தை ஈஆர்கே நொதி பாஸ்பேட் ஏற்றிக் குப்பைக்கு அனுப்புகிறது. நாக்ஸாவும் அற்பாயுள்தான். பூமா, நாக்ஸா, பாக்ஸ் ஜீன்களை இயக்கும் பி53-ஐ அமைதியான செல்லில் எம்டிஎம்2 என்ற இ3 ஓயாமல் அழித்துக்கொண்டே இருப்பதால் அதன் அரை ஆயுள் சுமார் 20 நிமிடம். டிஎன்ஏ சேதமானால் எம்டிஎம்2-இன் பிடி விலகி பி53 குவிகிறது. ஆக, புரோட்டியாசோமை மொத்தமாக அடைத்தால் இரு தரப்பும் சேர்ந்தே குவியும். 2003-இல் மல்டிபிள் மயலோமா என்ற ரத்தப் புற்றுக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்ற போர்டெசோமிப் அப்படித்தான் வேலை செய்கிறது: எம்சிஎல்-1 கூடும், நாக்ஸா அதைவிடக் கூடும். ஓயாமல் எதிர்ப்புரதம் (ஆன்டிபாடி) செய்து தள்ளும் மயலோமா செல்லில் குப்பை தேங்குவதால் தராசு சாவின் பக்கம் சாய்கிறது. ஆகவே ஒரு செல்லில் போர்டெசோமிப் கொடுத்து, எம்சிஎல்-1 கூடியதை மட்டும் பார்த்துவிட்டு இது செல்லைக் காக்கும் மருந்து என்று எழுதுவது அபத்தம்.

வாசல் திறந்த பிறகும் பிரிக்கும் தொழில் நிற்பதில்லை. எக்ஸ்ஐஏபி என்ற புரதம் கேஸ்பேஸ்-9, 3, 7 மூன்றையும் கையைக் கட்டி வைத்திருக்கும். அதுவே ஓர் இ3-யும்கூட. மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து சைட்டோகுரோம் சி-யோடு வெளியேறும் ஸ்மாக் என்ற புரதம், தன் நுனியில் உள்ள அலனின், வாலின், புரோலின், ஐசோலூசின் என்ற நான்கு அமினோ அமிலங்களால் எக்ஸ்ஐஏபியைத் தள்ளிவிடும். அந்த நாலை மட்டும் போல செய்த மருந்து மூலக்கூறுகள் உண்டு. அவை எக்ஸ்ஐஏபியின் உறவான சிஐஏபி1-இல் ஒட்டினால் அது தன்மேலேயே யுபிக்விடினைப் போட்டுக்கொண்டு சில நிமிடங்களில் மறைந்துவிடும். கடைசியில் கேஸ்பேஸ்கள் புரோட்டியாசோமின் தொப்பிப் பகுதியில் சில உறுப்புகளையே வெட்டி அதை முடக்குகின்றன. இனி யாரையும் காப்பாற்ற வழியில்லை.

மைட்டோகாண்ட்ரியாவின் உள்ளே தனி ஆட்சி. புரோட்டியாசோம் அங்கே போகாது, உள்ளிருக்கும் புரத வெட்டிகள்தான் வேலை செய்கின்றன. அதில் இரண்டை மட்டும் சொல்கிறேன். சைட்டோகுரோம் சி-யின் பெரும்பகுதி உள்சவ்வின் மடிப்புப் பைகளுக்குள் கிடக்கிறது. அந்தப் பைகளின் கழுத்தைச் சுருக்கி வைப்பது ஓபிஏ1 என்ற புரதம். சவ்வின் மின்னழுத்தம் சரிந்தால் ஓமா1 என்ற வெட்டி ஓபிஏ1-இன் நீள வடிவத்தை நறுக்கிவிடும், கழுத்து தளரும். வெளிச்சவ்வில் துளை விழுந்தால் மட்டும் போதாது, உள்ளே சரக்கு நகர வேண்டும் என்பதை இங்கேதான் பலர் விட்டுவிடுகிறார்கள். இரண்டாவது, மின்னழுத்தம் உள்ள மைட்டோகாண்ட்ரியாவில் பிங்க்1 என்ற நொதி உள்ளே இழுக்கப்பட்டு, வெட்டுப்பட்டு, வெளியே வந்து புரோட்டியாசோமில் அழிகிறது. அழுத்தம் போனால் வெளிச்சவ்விலேயே தேங்கி பார்க்கின் என்ற இ3-யை அழைக்கிறது. அது பழுதான மைட்டோகாண்ட்ரியாவை முழுதாக அகற்றும் வேறு பாதை. மின்னழுத்தத்தைக் குலைக்கும் சிசிசிபி கொடுத்தால் பிங்க்1 முழு அளவில், 63 கிலோடால்டன் எடையில் தெரியும்; புரோட்டியாசோமை அடைக்கும் எம்ஜி132 கொடுத்தால் வெட்டுப்பட்ட அளவில், 52-இல் தெரியும். இரண்டையும் ஒன்றென்று எண்ணிக் குழம்ப வேண்டாம். ஆய்வகங்களில் வளர்க்கும் ஹீலா செல்களில் பார்க்கின் கிட்டத்தட்ட இல்லை. வெளியிலிருந்து சேர்க்காமல் பார்க்கின் சோதனை செய்வதும் வீண்.

இனி ஆய்வக மேசை வேலை. இங்கே முதுகலை, ஆய்வு மாணவர்கள் அதிகம் தடுக்குவது ஒரே இடத்தில்: மருந்து கொடுத்த பிறகு, புரத அளவைக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் படலத்தில் எம்சிஎல்-1 பட்டை மெலிந்தது, ஆகவே மருந்து அதை அழிக்கிறது என்று எழுதுவது. பட்டை மெலிய நான்கு காரணம் உண்டு. ஆர்என்ஏ குறைந்திருக்கலாம். ஆர்என்ஏவைப் புரதமாக்கும் மொழிபெயர்ப்பு நின்றிருக்கலாம். புரோட்டியாசோம் அழித்திருக்கலாம். செல் ஏற்கெனவே சாகத் தொடங்கி, கேஸ்பேஸ் எம்சிஎல்-1-ஐ வெட்டியிருக்கலாம். அதில் கேஸ்பேஸ் வெட்டும் இடங்கள் உண்டு. கடைசிக் காரணம் என்றால் நீங்கள் காரணமாகக் காட்டுவது உண்மையில் விளைவு.

பிரித்தறிய சைக்ளோஹெக்ஸிமைட் ஓட்டம் போட வேண்டும்: அது புதுப் புரத உற்பத்தியை நிறுத்தும், இருப்பது குறையும் வேகத்தை நாம் அளப்போம். 35 மில்லிமீட்டர் தட்டு ஒன்றுக்கு 3 லட்சம் செல். மறுநாள் 70 விழுக்காடு நிறைந்திருக்க வேண்டும். ஒரு தொகுதிக்கு மருந்து, ஒரு தொகுதிக்கு மருந்தைக் கரைக்கும் திரவமான டிஎம்எஸ்ஓ மட்டும். அதன் அளவு எல்லாத் தட்டிலும் ஒன்றாக, 0.1 விழுக்காட்டைத் தாண்டாமல். பிறகு மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம் சைக்ளோஹெக்ஸிமைட். நேரங்கள் 0, 15, 30, 60, 90, 120 நிமிடம். 120 நிமிடத் தட்டுக்கு முதலில் சைக்ளோஹெக்ஸிமைட் விட்டு, பின்னோக்கி வந்து, எல்லாத் தட்டையும் ஒரே நேரத்தில் பனிக்கட்டி மேல் எடுப்பதுதான் சரி. ஊடகத்தை முன்கூட்டியே 37 டிகிரிக்குச் சூடாக்கிக் கொள்ளுங்கள். ஏசி அறையில் 22 டிகிரியில் தட்டுகளை வைத்துக் கதை பேசினால் அழிவின் வேகம் குறைந்து அரை ஆயுள் நீண்டதாகத் தெரியும். 120 நிமிடத்துக்கு மேல் போகாதீர்கள். சைக்ளோஹெக்ஸிமைட் தானே எம்சிஎல்-1-ஐத் தீர்த்துச் செல்லைக் கொல்லும், பிறகு எதை அளக்கிறோம் என்றே தெரியாது.

இணையாக மூன்று கட்டுப்பாட்டுச் சோதனைகள். எம்ஜி132 10 மைக்ரோமோலார், அரை மணி முன்னதாக. அது கேல்பேன், கத்தெப்சின் என்ற வேறு புரத வெட்டிகளையும் அடைக்கும் என்பதால் ஒரு முறையாவது போர்டெசோமிப் அல்லது எபாக்ஸோமைசினில் திரும்பச் செய்யுங்கள். எதுவானாலும் 4 முதல் 6 மணிக்குள் முடியுங்கள். அதற்கு மேல் செல்லில் சும்மா கிடக்கும் யுபிக்விடின் தீர்ந்து எல்லாமே கலங்கும். அடுத்தது கேஸ்பேஸை அடைக்கும் இசட்-விஏடி 20 மைக்ரோமோலார், ஒரு மணி முன்னதாக. இது இருந்தும் எம்சிஎல்-1 குறைந்தால் கேஸ்பேஸ் மேல் பழி போட முடியாது. மூன்றாவது, ஆர்என்ஏ அளவை கியூபிசிஆரில் பார்ப்பது. அளவுகோல் புரதமாக டியூபுலின் வையுங்கள். அது அந்த இரண்டு மணியில் அசையாது. கணக்கு எளிது: அளவுகளின் இயல்மடக்கையை நேரத்துக்கு எதிராகக் குறித்தால் நேர்கோடு வர வேண்டும், 0.693-ஐ அதன் சரிவால் வகுத்தால் அரை ஆயுள். 60 நிமிடத்தில் கால் பங்கு மிஞ்சினால் இரண்டு அரை ஆயுள் கடந்தது, அதாவது 30 நிமிடம். கோடு வளைந்தால் இரண்டு கூட்டங்கள் இருக்கின்றன, இல்லை படலம் தெவிட்டிவிட்டது, அதாவது பட்டை அளவு மீறிக் கறுத்துவிட்டது. பின்னதுதான் அடிக்கடி நடப்பது.

யுபிக்விடின் சங்கிலியையே பார்க்க வேண்டுமென்றால் செல்லை உடைக்கும் கரைசலில் என்-எதில்மாலிமைட் 10 மில்லிமோலார் கட்டாயம். இல்லாவிட்டால் செல் உடைந்த மறுநொடி கழற்றும் நொதிகள் சங்கிலியைத் தின்றுவிடும். அது நீரில் நிற்காது, எத்தனாலில் அன்றன்றைக்குக் கரைக்க வேண்டும். அதே கரைசலில் டிடிடியைச் சேர்த்துவிட்டு சங்கிலி வரவில்லை என்று புலம்புவது இந்தத் துறையின் வழக்கமான சோகம். டிடிடி அதைச் செல்லாக்காசாக்கிவிடும். எஸ்டிஎஸ் என்ற வலுவான சோப்பின் 1 விழுக்காட்டுக் கரைசலில் 95 டிகிரியில் கொதிக்கவைத்து, 0.1-ஆக நீர்த்து, பிறகு எதிர்ப்புரதத்தால் பிடிப்பது பாதுகாப்பு. ஒட்டிக்கொண்டு வரும் மற்ற புரதங்களின் யுபிக்விடினை உங்களுடையது என்று எண்ணிவிட மாட்டீர்கள்.

பாக்ஸ் விழித்ததா என்று 6ஏ7 எதிர்ப்புரதத்தால் பார்ப்பவர்கள் டிரைட்டன், என்பி-40 பக்கமே போகக்கூடாது. அந்தச் சோப்புகளே பாக்ஸை வடிவம் மாற்றி எழுப்பும். மருந்தே கொடுக்காத தட்டிலும் பாக்ஸ் விழித்ததாகத் தெரியும். சாப்ஸ் என்ற வேறு சோப்பை 1 விழுக்காடு போடுங்கள்.

சைட்டோகுரோம் சி வெளியே வந்ததா என்று பார்க்க, செல்லின் மேலுறையை மட்டும் துளைக்கும் டிஜிட்டோனின் 0.01 முதல் 0.02 விழுக்காடு, பனிக்கட்டி மேல் 5 நிமிடம். ஒவ்வொரு செல் வகைக்கும், துளைபட்ட செல்லில் மட்டும் ஏறும் டிரைபன் நீலத்தால் அளவைச் சரிபார்க்க வேண்டும்: தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் நீலமாக வேண்டும், ஆனால் கரைசல் பகுதியில் மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வுப் புரதமான விடிஏசி வரவே கூடாது. வெளிநாட்டுக் கையேட்டில் ‘அறை வெப்பத்தில்’ என்றிருந்தால் அது 20 முதல் 25 டிகிரி. மே மாதத்துக் காரைக்குடி அறை அதுவல்ல. அந்த வெயிலில் டிஜிட்டோனின் வெளிச்சவ்வையும் கரைத்து, எந்தத் தட்டிலும் சைட்டோகுரோம் சி வழிந்ததாகக் காட்டும். சாகும் செல்லின் மேற்பரப்பில் ஒட்டி அதைக் காட்டும் அனெக்ஸினுக்கு 2.5 மில்லிமோலார் கால்சியம் தேவை. டிரிப்சினோடு வந்த இடிடிஏ மிச்சமிருந்தால் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு முறை கழுவுங்கள்.

கடைசியாக, எம்சிஎல்-1-ஐ நேரடியாக அடைக்கும் எஸ்63845 போன்ற மூலக்கூறுகள். 2016-இல் வந்த வெனடோக்ளாக்ஸ் பிசிஎல்-2-ஐ அடைக்கும். அதற்கு மசியாத புற்றுச் செல்கள் பெரும்பாலும் எம்சிஎல்-1-இன் நிழலில் ஒதுங்குவதால் இவற்றின் மேல் கவனம் திரும்பியது. இதயத் தசைக்கும் எம்சிஎல்-1 வேண்டும் என்பதால் மனிதச் சோதனைகள் சில இதயப் பாதிப்பு அறிகுறியால் நிறுத்தி வைக்கப்பட்டன. இந்த மருந்தைக் கொடுத்து நாலு மணியில் படலத்தைப் பார்த்தால் எம்சிஎல்-1 பட்டை குறைந்திருக்காது, கனத்திருக்கும். மருந்து பழுது என்று குப்பியைத் தூக்கிப் போட வேண்டாம். மருந்து கைப்பிடிக்குள் உட்கார்ந்துவிட்டதால் மியூலுக்கும் நாக்ஸாவுக்கும் அங்கே இடமில்லை, எனவே புரதம் அழியவில்லை. அதே காரணத்தால் பாக்கையும் பிம்மையும் பிடித்து வைக்க அதற்கும் கை இல்லை. திண்ணையில் ஆள் உட்கார்ந்தேதான் இருக்கிறான், கையைக் கட்டிப் போட்டிருக்கிறார்கள். பக்கத்துப் படலத்தில், கேஸ்பேஸ்-3 வெட்டுப்பட்டு விழித்ததைக் காட்டும் 17 கிலோடால்டன் துண்டைப் பாருங்கள், வந்திருக்கும்.